கட்டியை விடக் கவலை பெரிதாக வேண்டாம்
(ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்த தம்பதியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடும்ப நலம் என்றால் பிள்ளைப்பேறு, தடுப்பூசி, அளவான குடும்பம் இவை மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுக்காரியின் உடம்பும் மன நிம்மதியும்கூடக் குடும்ப நலம்தான். அதனால், பெண்கள் வெளியில் சொல்லக் கூச்சப்படுகிற ஒரு விஷயத்தை இன்று பேசப் போகிறேன். ஆண்கள் எழுந்து போய்விட வேண்டாம். இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அந்த அம்மாவுக்கு 42 வயசு. தை மாதத்தில் ஒருநாள் குளிக்கும்போது, சோப்புப் போடுகிற கையில், இடது மார்பில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஏதோ தட்டுப்படுகிறது. வலி இல்லை. ஆனால் நெஞ்சு திக்கென்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. அன்று ராத்திரி தூக்கமில்லை. மறுநாள் சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறாள். "உனக்கு என்னதான் ஆச்சு?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். "ஒண்ணுமில்லைங்க" என்கிறாள். இப்படியே சித்திரையும் வந்துவிடுகிறது.

மூன்று மாதம் அந்தக் கவலையை அவள் தனியாகவே சுமந்தாள். அதனால் யாருக்காவது ஒரு காசு லாபம் உண்டா?

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், ஆயிரம் காரணம் வரும். அறுவடை முடியட்டும், பொண்ணு கல்யாணம் ஆகட்டும், டாக்டர் ஆம்பிளையாக இருந்தால் என்ன செய்வது, ஊர் என்ன பேசும். ஆனால் அடி மனசில் இருப்பது ஒரே காரணம்: 'போய்க் காட்டினால் அதுதான் என்று சொல்லிவிடுவார்களோ!' பயம் இயற்கைதான். அதற்காக வெட்கப்பட வேண்டாம். ஆனால் பயந்து நாளைக் கடத்தினால், கட்டியும் போகாது, கவலையும் தீராது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. சிறு வயதுப் பெண்களுக்குக் கைக்குப் பிடிபடாமல் நழுவி ஓடுகிற நார்க்கட்டி வருவதுண்டு. நடுத்தர வயதில் நீர்க்கட்டி வரும். பால் கொடுக்கும் தாய்க்குப் பால் கட்டிக்கொள்ளும். சில சமயம் சீழும் வைக்கும். மாதவிலக்குக்கு முன்னால் சிலருக்கு மார்பு கனத்துக் கட்டி கட்டியாக இருக்கும். விலக்கு முடிந்ததும் தானே குறையும். குறையாமல் நின்றால் காட்டிவிட வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்கள் அதற்கும் காத்திருக்க வேண்டாம்.

ஆனால், இது நல்ல கட்டி, அது கெட்ட கட்டி என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. "வலி இல்லையே, ஒண்ணும் இருக்காது" என்பார்கள். அது தவறு. புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. தோல் குழி விழுவது, ஆரஞ்சுத் தோல்போல் தடிப்பது, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, அக்குளில் கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதம் கூடாது. கட்டி எப்படி இருந்தாலும் டாக்டர் கை பட்டுப் பார்த்தால்தான் சரி.

அப்படியானால் கவலைக்கு மருந்து என்ன? அதற்கு ஒரு தேதி குறிப்பதுதான். கட்டி தட்டுப்பட்ட அன்று ராத்திரியே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். மறுநாள் கிராம சுகாதார செவிலியரிடம், நம் நர்சம்மாவிடம், சொல்லுங்கள். அந்த வாரத்திலேயே ஒரு நாள் குறித்து ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். 'என்னவோ, ஏதோ' என்று ஓடுகிற மனசு, 'வியாழக்கிழமை போகிறோம்' என்றால் கொஞ்சம் அடங்கும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள் என்று தெரியாததும் ஒரு பயம். மூன்று காரியம்தான். முதலில் டாக்டர் கையால் தடவிப் பார்ப்பார். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம்; இல்லாவிட்டால் நர்சம்மாவைக் கூட இருக்கச் சொல்லலாம். இரண்டாவது, படம் எடுப்பது. சிறு வயதினருக்குப் பெரும்பாலும் ஸ்கேன். 40-க்கு மேல் மாமோகிராம் என்னும் மார்பு எக்ஸ்ரே. மூன்றாவது, தேவைப்பட்டால் ஊசியால் கட்டியிலிருந்து துளி எடுத்துச் சோதிப்பது. "ஊசி குத்தினா நோய் உடம்பெல்லாம் பரவிடும்" என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். ஊசிச் சோதனைக்குப் பயந்து திரும்பி வருவதுதான் ஆபத்து.

சோதனை கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற நாட்கள்தான் கஷ்டமானவை. அந்த நாட்களில் கட்டியை மணிக்கு ஒரு தரம் அமுக்கிப் பார்க்காதீர்கள். அமுக்கினால் வலிக்கும், வலித்தால் பயம் கூடும். சூட்டுக்கோல், பச்சிலைப் பற்று, எண்ணெய் தேய்த்து உருவுவது எதுவும் வேண்டாம். பால் கொடுக்கிற தாய், டாக்டர் நிறுத்தச் சொன்னாலன்றி, பாலை நிறுத்த வேண்டாம். வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கதை கேட்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுப் பேசுங்கள். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் பிள்ளையை விட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். தூக்கமே இல்லை, படபடப்பு அடங்கவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்து தமிழிலேயே பேசலாம்.

இனி ஆண்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுக்காரி வந்து சொல்லும்போது, "இதையா பெரிசா சொல்ல வந்தே" என்று தள்ளாதீர்கள். "ஏன் இத்தனை நாள் சொல்லலே" என்று பாயாதீர்கள். "சரி, நாளைக்கே போய்க் காட்டுவோம், நான் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி பாரம் இறங்கிவிடும். சொன்னபடி கூடப் போங்கள். அன்று மாட்டை யார் பார்ப்பது, பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவது என்பதை நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். டாக்டர் சொல்வதை இரண்டு பேரும் சேர்ந்து கேளுங்கள். பயத்தில் ஒருவர் காதில் விழாதது மற்றவர் காதில் விழும். இது யாருடைய பாவமும் இல்லை. தொட்டால் ஒட்டுகிற நோயும் இல்லை. அபூர்வமாக ஆண்களுக்கும் மார்பில் புற்றுநோய் வருவதுண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

முடிவு வந்து, சாதாரணக் கட்டி என்றால் நிம்மதி. சிலவற்றை எடுக்கவே வேண்டியதில்லை. டாக்டர் சொன்ன தேதியில் திரும்பக் காட்டினால் போதும். புற்றுநோய் என்றே வந்தாலும் உலகம் முடிந்துவிடவில்லை. ஆரம்பத்தில் பிடித்தால் குணமாகி, பேரன் பேத்தி எடுத்து வாழ்கிறவர்கள் நிறையப் பேர். எல்லாருக்கும் மார்பு முழுவதையும் எடுப்பதும் இல்லை; கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்ச் சிகிச்சை கொடுக்கும் முறையும் உண்டு. அரசு ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை உண்டு. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய்ச் சிகிச்சை சேர்ந்திருக்கிறது. செலவை நினைத்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தோடு அவர் முடங்கிவிடவில்லை. 1954-இல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கப் பாடுபட்டார். அது இன்று பெரிய மருத்துவமனையாக வளர்ந்து நிற்கிறது. துக்கத்தை அவர் காரியமாக மாற்றினார். நாமும் நம் கவலையை ஒரு காரியமாக மாற்றுவோம்.

நினைவில் வையுங்கள்:

1. கட்டி தட்டுப்பட்டால் அன்றே வீட்டில் சொல்லுங்கள்.
2. ஒரு வாரத்துக்குள் டாக்டரிடம் காட்ட நாள் குறியுங்கள்.
3. வலி இல்லை என்று அலட்சியம் வேண்டாம்; கட்டி என்றாலே புற்றுநோய் என்ற பீதியும் வேண்டாம்.
4. சூடு, பற்று, உருவுதல் கூடாது. ஊசிச் சோதனைக்கு அஞ்ச வேண்டாம்.
5. கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள்.

கூட்டம் முடிந்ததும் நர்சம்மா உள்ளே உட்கார்ந்திருப்பார். கேட்க வேண்டியது உள்ளவர்கள் கூச்சப்படாமல் போய்க் கேட்கலாம். நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.