மேல்மண்



மேல்மண் என்றால் என்னவென்று விவசாயிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டல் அடித்து, ஆட்டுக்கிடை கட்டி, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த சொத்து அது. ஜப்பானில் புகுஷிமா விவசாயிகள் அந்தச் சொத்தில் 5 சென்டிமீட்டர் சுரண்டப்பட்டுக் கறுப்புப் பைகளில் ஏறியதைப் பார்த்தவர்கள்.

2011 மார்ச் 11. நிலநடுக்கம், அதன் பின்னால் ஆழிப்பேரலை. அங்கிருந்த அணுமின் நிலையத்தில் 3 உலைகளின் எரிபொருள் உருகியது. வெளியேறிய கதிரியக்க சீசியம் மழையோடு இறங்கிக் களிமண்ணைக் கவ்விக்கொண்டது. கழுவினால் போகாது, கொளுத்தினால் அழியாது. சீசியம்-137 பாதியாகக் குறையவே 30 ஆண்டுகள் ஆகும். அப்படியானால் தூய்மைப்படுத்தினோம் என்கிறார்களே, என்ன செய்தார்கள்? இடம் மாற்றினார்கள் ஐயா! அதுதான் செய்ய முடிந்தது. வயலைச் சுரண்டலாம். வயலுக்கு மேலே நிற்கும் மலைக்காட்டை யார் சுரண்டுவது?

உலைக்குள்ளே உருகிக் கிடப்பது ஏறத்தாழ 880 டன். 13 ஆண்டு பாடுபட்டு, 2024 நவம்பரில் முதன்முதலாக வெளியே எடுத்தது ஒரு கிராம்கூட இல்லை. அது தொழில்நுட்பத்தின் சிக்கல், பொறியாளர்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். என் நெஞ்சை அறுப்பது மண்தான்.

சேர்ந்த மண் சுமார் 1 கோடியே 40 லட்சம் கன மீட்டர். அதை வைக்க இடம் கொடுத்தது யார்? நிலையத்தை ஒட்டிய ஒக்குமா, ஃபுத்தாபா ஊர்க்காரர்கள். எல்லாவற்றையும் இழந்தவர்களே இதையும் தாங்கினார்கள். 2045-க்குள் மண்ணைப் புகுஷிமா மாவட்டத்துக்கு வெளியே கொண்டுபோவோம் என்று சட்டமே வாக்குக் கொடுத்திருக்கிறது.

ஒன்றை மறக்காதீர்கள். அந்த நிலையத்தின் மின்சாரம் புகுஷிமா வீடுகளில் எரியவில்லை. தோக்கியோ வட்டாரத்துக்குப் போனது. அதே தோக்கியோவில், ஒரு பூங்காவில் இந்த மண்ணில் கொஞ்சத்தைச் சோதனைக்குப் பயன்படுத்தலாம் என்றதும் அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். அவர்கள் பயத்தை நான் பழிக்கமாட்டேன். பிள்ளை விளையாடும் இடம். ஆனால் ஒக்குமாவிலும் பிள்ளைகள் விளையாடினார்களே!

2025 ஜூலையில், மக்களின் அச்சம் தீரட்டும் என்று, பிரதமர் அலுவலகத் தோட்டத்துக்கு அந்த மண் வந்தது. 2 கன மீட்டர். மீதியில் பெரும்பகுதிக்கு இன்றுவரை ஊர் அமையவில்லை. வீட்டையும் வயலையும் கொடுத்தவர்களில் பலர் அப்போதே முதியவர்கள். 2045-ல் மண்ணை எடுத்துப் போ என்று கேட்க அவர்கள் இருக்கமாட்டார்கள்.