சிறுவர் கைப்பணியும் கழிபொருளும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கழிபொருள்களைக் கொண்டு கைப்பணி கற்பிக்கும் விஷயமாகப் பேசும்படி காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தார்கள். நாம் இத்துறையில் வல்லுநர் அல்லோம். பளைப் பகுதியிலுள்ள ஒரு கிராமத்தில், தரம் 1 முதல் 5 வரை பயிலும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தோறும் எமது சங்கத்தின் பெயரால் ஒரு வகுப்பு நடத்தி வருகின்றோம். அவ்வளவே எமக்குள்ள தகுதி. ஆகவே, தத்துவம் பேசுவதை விட, அவ்வகுப்பில் நாம் விட்ட பிழைகளை ஒளியாது கூறுவதே உங்களுக்கு உபயோகமாகும் என்று எண்ணுகின்றோம்.

முதற் பிழை முதல் நாளிலேயே நேர்ந்தது. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "அடுத்த கிழமை வரும்போது, எறிந்து கிடக்கும் பொருள் எதைக் கண்டாலும் எடுத்து வாருங்கள்" என்று உற்சாகமாகச் சொன்னோம். வாசலில் நின்ற வயோதிப உபாத்தியாயர் ஒருவர் எம்மை அப்பால் அழைத்து, "தம்பிமார், இந்த ஊரிலை பிள்ளையளைப் பார்த்து, வழியிலை கிடக்கிறதை எடுத்து வா எண்டு சொல்லாதேங்கோ" என்றார். எமக்கு உடல் குளிர்ந்து விட்டது. முகமாலை அங்கிருந்து கூப்பிடு தூரம். யுத்தம் 2009 இல் முடிவுற்ற போதிலும், அப்பகுதியில் நிலக்கண்ணி அகற்றும் வேலை அதன் பின்னரும் பல வருஷங்கள் நடைபெற்றது. இலங்கை நிலக்கண்ணித் தடை உடன்படிக்கையிற் சேர்ந்ததே 2017 டிசம்பரிலேதான். மண்ணிற் கிடக்கும் ஓர் இரும்புத் துண்டு பிள்ளையின் கண்ணுக்கு விளையாட்டுப் பொருளாகவே தோன்றும். ஓடிப்போய்ப் பிள்ளைகளைத் திருப்பி அழைத்து, வீட்டு வளவுக்குள் இருப்பதை மட்டும், அதுவும் தாயாருக்குக் காட்டிக் கேட்ட பின்னரே கொண்டு வரலாம் என்று மாற்றிச் சொன்னோம். வெளிநாட்டுப் புத்தகங்களில் இக்கலையைப் பற்றி எழுதுவோர் கண்ணாடி குத்தும், தகரம் வெட்டும் என்று எச்சரிப்பார்கள். எம்முடைய மண்ணுக்குரிய எச்சரிக்கையை அந்த உபாத்தியாயரிடமே நாம் கேட்டறிய வேண்டியிருந்தது.

இரண்டாம் பிழை இதனிலும் நுட்பமானது. படத்திற் கண்ட ஒரு பூச்சாடியைச் செய்விப்பதற்காக, ஒவ்வொரு பிள்ளையும் நான்கு தயிர்க் கோப்பைகளும் ஒரு பிளாஸ்ரிக் போத்தலும் கொண்டு வர வேண்டும் என்று கூறினோம். அடுத்த வாரம் சில பிள்ளைகள் பை நிறையக் கொண்டு வந்தார்கள். ஒரு பிள்ளையின் கையில் இருந்த போத்தல் புத்தம் புதிதாய் இருந்தது. விசாரித்த போது, வகுப்புக்கு வெறும் போத்தல் வேண்டுமே என்று, தகப்பனார் கடையிற் குளிர்பானம் வாங்கிக் குடித்து முடிப்பித்து அனுப்பியது தெரிய வந்தது. கழிபொருளைக் காசு கொடுத்து வாங்கச் செய்த பெருமை எம்மைச் சாரும்! வேறொரு சிறுவன் வெறுங்கையுடன் வந்து பின் வாங்கில் ஒளிந்திருந்தான். அதற்கடுத்த வாரம் அவன் வரவேயில்லை. வீட்டுக்குச் சென்று கேட்டோம். அவனுடைய தாயார் கோபிக்கவில்லை. "எங்கடை வீட்டிலை எறியிறதுக்கு என்ன இருக்குது, தம்பி?" என்று மாத்திரம் கேட்டார்.

சபையோரே, அக்கேள்வியை நாம் எளிதில் மறக்க முடியாது. கழிபொருட் கைப்பணி ஏழைகளுக்கு ஏற்றது, செலவில்லாதது என்று நாம் மேடைகளிற் பேசிக் கொள்கின்றோம். உண்மையில் கழிபொருள் அதிகமாகச் சேருவது வாங்கும் சக்தியுள்ள வீட்டிலேயாம். ஏழை வீட்டிற் பால்மாப் பேணி அரிசி அளக்கும். ஜாம் போத்தல் உப்புப் போத்தலாகும். பழஞ்சீலை முதலில் ஏணையாகிப் பின் கைப்பிடித் துணியாகும். 1990 களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், ஜாம் போத்தல் விளக்கின் கீழிருந்து பரீட்சைக்குப் படித்தவர்களும், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களும் இம்மண்டபத்திலேயே அமர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் நின்று, பழையதைப் புதிதாக உபயோகிக்கும் வித்தையை நாம் கண்டுபிடித்தது போலப் பேசுவது நகைப்புக்கிடமானது.

அந்தத் தாயார் எம்மை வழியனுப்பிய போதே அவருடைய முற்றத்தைப் பார்த்தோம். தென்னை மரங்களின் கீழே குரும்பட்டிகள் சிதறிக் கிடந்தன. ஈர்க்கு, பாளை, சிரட்டை, பொச்சுமட்டை, பன்னாடை, வேலியோரத்தில் ஊமல் என்று எத்தனை பொருள்கள்! பளையிலே தென்னைக்கும் பனைக்குமா பஞ்சம்? அடுத்த சனிக்கிழமை தயிர்க் கோப்பையை விடுத்து, எல்லோரும் தத்தம் முற்றத்திற் கிடப்பதில் ஒரு கைப்பிடி கொண்டு வரும்படி சொன்னோம். அச்சிறுவன் ஒரு கடகம் நிறையக் கொண்டு வந்தான்.

அன்று என்ன செய்வதென்று நாம் கட்டளையிடவில்லை. உண்மையைச் சொன்னால், எமக்கே தெரியவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அவ்வூர்க் கோவிலிலே தேர்த் திருவிழா நடந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. நால்வர் ஐவராகக் கூடிக் குரும்பட்டியில் ஈர்க்குக் குத்தித் தேர் கட்டத் தொடங்கினார்கள். ஒருவன் பன்னாடையைக் கிழித்துத் தேர்ச்சீலை போர்த்தினான். ஒருத்தி போத்தல் மூடியைச் சில்லாக்கினாள். அது உருளவில்லை. நடுவிலே துளையிடவில்லை என்பதைத் தானே கண்டுபிடித்து, துளையிட்டுத் தரும்படி எம்மிடம் கொண்டு வந்தாள். ஆணியும் சுத்தியலும் எங்கள் கையில்; எங்கே துளைப்பது என்ற தீர்மானம் அவள் கையில். துளை சற்றே விலகினாற் சில்லு கோணிக்கொண்டு ஓடும் என்பதை அவள் கண்டு, நூலால் அளந்து நடுவைக் குறித்தாள். வட்டத்தின் மையம் என்னும் பாடத்தை இதனிலும் தெளிவாக நாம் எந்த வகுப்பறையிலும் படித்ததில்லை. 1927 இல் யாழ்ப்பாணம் வந்து சென்ற காந்தியடிகள், அதற்குப் பத்து வருஷங்களின் பின் வார்தாவிலே, கைத்தொழிலின் வழியாகவே ஏனைய பாடங்களையும் கற்பிக்கலாம் என்று ஒரு கல்வித் திட்டத்தை முன்வைத்தார். புத்தகத்திற் படித்த அத்திட்டத்தின் பொருள், ஒரு போத்தல் மூடியைப் பார்த்த பின்னரே எமக்கு விளங்கியது.

கடதாசி வேலையும் செய்தோம். பழைய புதினத்தாள்களைச் சிறு துண்டுகளாகக் கிழித்து ஓரிரவு நீரில் ஊறவைத்து, பிழிந்து, உரலில் இடித்தாற் கூழ் கிடைக்கும். ஒரு கோப்பை கோதுமை மாவுக்கு நான்கு கோப்பை நீர் விட்டுக் காய்ச்சிய பசையை அதனுடன் பிசைய வேண்டும். பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் சேர்க்கும்படி ஒரு பெரியவர் சொன்னார். அது நஞ்சு. சிறு பிள்ளைகள் விரலை வாயில் வைப்பார்கள் என்று அஞ்சி, நாம் உப்பு மாத்திரம் சேர்த்தோம். சில உருவங்களைப் பூச்சி அரிக்கத்தான் செய்தது. அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. மிஷன் பாடசாலையிற் படித்த எம்மிற் சிலர், அங்கே நத்தார்க் காலத்திற் சீமெந்துப் பைக் கடதாசியைக் கசக்கி, சாயம் பூசி, பாலன் குடிலுக்கு மலை செய்து பழகியவர்கள். அந்த வித்தை இங்கே கைலாச மலை செய்ய உதவியது.

இனி மூன்றாம் பிழை. அதைச் சொல்ல எமக்கு மனம் கூசுகின்றது. வருஷ இறுதியிலே கண்காட்சி ஒன்று வைத்தோம். பிரமுகர்கள் வருவார்கள், படம் பிடிப்பார்கள் என்ற ஆசையில், முதல் நாளிரவு கண்விழித்துப் பிள்ளைகளின் பொருள்களை நாமே திருத்தினோம். கோணிய சில்லுகளை எடுத்துவிட்டு நேரான சில்லுகளைப் பூட்டினோம். பன்னாடைச் சீலையை நீக்கிப் பளபளக்கும் கடதாசி ஒட்டினோம். மறுநாள் வந்தோர் எல்லோரும் வியந்தார்கள். மூன்றாம் தரத்துச் சிறுமி ஒருத்தி தன் பெயர் எழுதிய அட்டைக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். "உன்னுடைய தேரை அம்மாவுக்குக் காட்டவில்லையா?" என்று கேட்டோம். "அண்ணா, இது என்ரையில்லை. என்ரை தேருக்கு ஒரு சில்லு கோணல்" என்றாள். பரிசு கொடுத்த போதும் அவள் முகம் மலரவில்லை. கழற்றி எறிந்த பழைய சில்லைக் குப்பைத் தொட்டியிலே தேடினோம், கிடைக்கவில்லை.

சண்டிகாரிலே நேக் சந்த் என்னும் வீதிப் பரிசோதகர் ஒருவர், 1957 முதல் உடைந்த வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் பொறுக்கி, ஒருவருக்கும் தெரியாமல் ஒரு தோட்டம் முழுவதும் உருவங்கள் சமைத்தார். 1976 இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அவ்வுருவங்களை இரவோடிரவாக எவரேனும் "திருத்தி"யிருந்தால் இன்று யார் அவற்றைப் பார்க்கப் போவார்? பெரியவருக்குக் கொடுக்கும் இம்மரியாதையை எட்டு வயதுப் பிள்ளைக்கு நாம் கொடுக்கத் தவறினோம்.

பெற்றோரின் ஆட்சேபம் ஒன்றுண்டு. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளை குரும்பட்டி குத்திக் கொண்டிருக்கலாமா என்கிறார்கள். அதை நாம் இகழவில்லை. அப்பரீட்சையினால் முன்னேறியோர் எம்முள்ளும் இருக்கின்றோம். ஐந்தாம் தரத்தாருக்குப் பரீட்சைக்கு முந்திய மூன்று மாதங்களும் வகுப்பு இல்லையென்று முடிவு செய்தோம். விட்டுக்கொடுக்க வேண்டிய இடம் அது.

மற்றோர் எண்ணத்தையும் திருத்த வேண்டும். இவ்வகுப்பினால் ஊர்க் குப்பை குறைந்துவிடும் என்று சிலர் எம்மைப் பாராட்டினார்கள். அது உண்மையன்று. மீதொட்டமுல்லையிலே 2017 ஏப்ரில் 14 ஆந் திகதி, புத்தாண்டு தினத்திலே, குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்டார்கள். அத்தகைய மலைக்கு எங்கள் தேர்களும் பூச்சாடிகளும் மருந்தாகா. இன்னும் சொல்லப்போனால், சுத்தமான பிளாஸ்ரிக் போத்தலை மீள்சுழற்சிக்குக் கொள்வோர் உண்டு. அதற்கு நாம் வர்ணம் பூசி, மினுக்குத் தூள் ஒட்டி, ஒரு மாதம் அலங்கரித்து வைத்தபின் எறிந்தால், அதைக் கொள்வார் எவரும் இலர். இதையறிந்த பின் பிளாஸ்ரிக் போத்தல்களைச் சாயம் பூசாது சேர்த்து விற்று, அப்பணத்திற் கத்தரிக்கோல் வாங்குகின்றோம். முனை மழுங்கிய கத்தரிக்கோல் இப்போது எட்டு இருக்கின்றது. பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர்.

வருகிற கண்காட்சியில் எந்தப் பொருளிலும் எமது கை படாது. சில தேர்கள் உருளமாட்டா. சில உருவங்களுக்கு மூக்கு விழுந்திருக்கும். பார்வையிட வரும் பெரியோர்கள், "இது என்ன?" என்று எம்மைக் கேளாமல், பக்கத்தில் நிற்கும் பிள்ளையையே கேட்கும்படி வேண்டுகின்றோம். சனிக்கிழமைகளிற் காலை ஒன்பது மணிக்கு வகுப்பு ஆரம்பமாகும். பழைய புதினத்தாள் உள்ளவர்கள் சங்க மண்டபத்தில் ஒப்படைக்கலாம். ஆணி அடிக்கத் தெரிந்த இரண்டு வாலிபர் உடனடியாகத் தேவை.