பயிரின் கொடுக்கல் வாங்கல்

(வானொலி உழவர் நிகழ்ச்சிப் பேச்சு)

குடவாசல் பக்கத்தில் சம்பாவோ தாளடியோ நட்டு இருபது நாள் ஆன சமயத்தில் வரப்பில் நின்றால் ஒரே பேச்சுதான் காதில் விழும். "பயிர் பச்சை கட்டலையே, மஞ்சளாவே நிக்குதே, தூரும் வெடிக்கலையே!" உடனே ஒரு மூட்டை யூரியாவை வாங்கி வந்து, நிற்கிற தண்ணீரிலேயே விசிறி விடுகிறோம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மஞ்சள் மாறியிருக்காது. மூட்டைக் காசு போனதுதான் கண்ட பலன். இது ஏன் என்று பார்ப்போம்.

உயிருள்ள எதுவும் வெளியே இருந்து வாங்காமலும், வெளியே கொடுக்காமலும் வாழ முடியாது. மாட்டைப் பாருங்கள். வைக்கோலும் தண்ணீரும் காற்றும் உள்ளே போகின்றன. சாணியும் கோமியமும் மூச்சும் வெளியே வருகின்றன. பயிரும் அப்படித்தான். இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். அவற்றின் வழியாகக் கரியமில வாயுவை வாங்கி, வெயிலின் துணையோடு மாவுச்சத்து செய்கிறது. பிராணவாயுவையும் நீராவியையும் வெளியே விடுகிறது.

வேருக்கும் மூச்சு உண்டு. இதைத்தான் நாம் மறந்து விடுகிறோம். மண்ணில் இருக்கும் தழைச்சத்தும் சாம்பல் சத்தும் தானாக வேருக்குள் ஓடி வருவதில்லை. வேர் உழைத்து உள்ளே இழுக்க வேண்டும். உழைக்க வேண்டுமானால் பிராணவாயு வேண்டும். மூச்சு முட்டுகிற ஆளைக் கூப்பிட்டு ஏற்றம் இறைக்கச் சொன்னால் இறைப்பானா?

காற்றில் பிராணவாயு பரவுகிற வேகத்தோடு பார்த்தால், தண்ணீரில் அது சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவுகிறது. வயலில் தண்ணீர் கட்டினால் சேற்றில் மிச்சமிருக்கும் பிராணவாயுவை நுண்ணுயிர்கள் ஒன்றிரண்டு நாளிலேயே தீர்த்து விடும். உளுந்தாக இருந்தால் வேர் அழுகிப் போயிருக்கும். நெல் எப்படித் தாங்குகிறது? நெல்லின் இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் உள்ளே காற்றுக் குழாய்கள் ஓடுகின்றன. இலை வாங்கிய காற்று அந்த வழியாக வேர் நுனி வரை இறங்குகிறது. கொஞ்சம் வெளியிலும் கசிகிறது. அந்தக் கசிவு பட்டு, சேற்றில் இருக்கும் இரும்புச் சத்து துருவாகி வேர் மேல் செம்பழுப்பாகப் படிகிறது. அது ஓரளவு வேருக்குக் கவசம்.

ஆனால் இதற்கும் ஓர் அளவு உண்டு. தாளடி என்ற பெயரிலேயே தாள் இருக்கிறது. குறுவைத் தாளை மடக்கி உழுது, அது மட்குவதற்குள் நட்டு விடுகிறோம். பச்சைத் தாள் அழுகும்போது இருக்கிற பிராணவாயுவும் போய் விடும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற கந்தக வாயு உண்டாகி வேரைத் தாக்கும். சேற்றில் கால் வைத்தால் குமிழ் கிளம்புகிறதே, அதில் பெரும்பகுதி மீத்தேன். சாண எரிவாயுக் கலத்தில் வருகிற அதே வாயுதான்.

ஆகவே, பயிர் மஞ்சளித்தால் கடைக்குப் போகும் முன் வயலில் இறங்குங்கள். ஒரு குத்தைச் சேறோடு பிடுங்கி வாய்க்காலில் அலசிப் பாருங்கள். வேர் வெள்ளையாகவோ செம்பழுப்பாகவோ இருந்தால் பயமில்லை. கறுத்து, நாற்றம் அடித்தால் வேருக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். அப்போது முதல் மருந்து உரம் அல்ல, வடிகால்தான். மடையைத் திறந்து தண்ணீரை வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு காணும் வரை விடுங்கள். புதிதாக வெள்ளை வேர் இறங்கும். அதற்குப் பிறகு உரம் போடுங்கள். யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம் புண்ணாக்கு 1 பங்கு கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து இட்டால் சத்து வீணாவது குறையும். நிற்கிற தண்ணீரில் விசிறும் யூரியாவில் ஒரு பகுதி காற்றோடும் தண்ணீரோடும் போய் விடுகிறது.

வேர் நன்றாக இருந்தும் இளம் இலையின் நடு நரம்பு வெளுத்து, அடி இலையில் துருப் புள்ளி தெரிகிறதா? அது துத்தநாகக் குறை. தண்ணீர் கட்டிய மண்ணில் துத்தநாகம் பயிருக்குக் கிட்டாமல் போகும். கடைசி உழவில் ஏக்கருக்கு 10 கிலோ, அதாவது மாவுக்கு சுமார் மூன்றரை கிலோ, துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவலாம். டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் உரங்களோடு கலக்கக் கூடாது. நட்ட பிறகு குறை தெரிந்தால், 200 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ துத்தநாக சல்பேட்டும் 2 கிலோ யூரியாவும் கரைத்துத் தெளிக்கலாம்.

முறைப் பாசனத்தில் தண்ணீர் வருகிறவர்களுக்கும், பம்ப் செட் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுங்கள். ஒரு அடி நீளக் குழாயில் கீழ்ப்பாதியில் துளை போட்டு, பாதியை மண்ணில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்து விடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்கு அரை அடி கீழே இறங்கியதும் இரண்டு அங்குலம் பாய்ச்சினால் போதும். வேரும் மூச்சு விடும், தண்ணீரும் மிச்சம், மீத்தேனும் குறையும். பூக்கும் சமயத்தில் மட்டும் காய விடாதீர்கள்.

அடைமழையில் மடையைத் திறந்தாலும் வடியாத வயல்கள் நம் பகுதியில் நிறைய உண்டு. பயிர் முழுகினால் இலைக்கும் மூச்சு நின்று போகிறது. அப்படிப்பட்ட பள்ளக்கால் நிலத்துக்கு, சுமார் இரண்டு வாரம் வரை முழுகினாலும் தாங்கக் கூடிய சி.ஆர். 1009 சப் 1 ரகம் இருக்கிறது, அதை யோசியுங்கள்.

கடைசியாக ஒன்று. என் வயல் வடிய வேண்டுமானால் பக்கத்து வயலும் வடிய வேண்டும். வடிகாலில் ஆகாயத் தாமரை மண்டிக் கிடந்தால் யார் வயலிலும் வேர் மூச்சு விடாது. மழைக்கு முன்னால் ஊரார் நாலு பேராகச் சேர்ந்து ஒரு நாள் மண்வெட்டி எடுத்தால், அது எத்தனையோ மூட்டை யூரியாவுக்குச் சமம்.