கிளினிக் நாளில் பேர் வெட்டக் கூடாது

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிமார், இளைஞர் பிரதிநிதிகளுக்கான பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)



எனக்குத் தந்திருக்கும் தலைப்பு 'தோட்டமும் போதையும்'. இந்தத் தலைப்பில் நாம் நிறையப் பேச்சுக் கேட்டுவிட்டோம். போதை கெட்டது, குடும்பத்தை அழிக்கும் என்று சொல்லி முடிப்பார்கள். லயத்தில் இருக்கும் ஒவ்வொரு தாய்க்கும் அது தெரியும். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம் முடிந்ததும் ஓரமாக வந்து நிற்கிற அம்மாமார் என்னிடம் கேட்பது வேறு. "சேர், பெரியவன் கொழும்புக் கடையிலிருந்து வந்ததிலிருந்து தூள் பாவிக்கிறான். எங்கே கூட்டிக்கொண்டு போறது? பிடித்து உள்ளே போட்டுவிடுவாங்களா? வேலை போயிடுமா?" இந்தக் கேள்விகளுக்கு நம் தலைவர்மார் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் இன்றைய பேச்சு.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். எல்லாப் போதையும் ஒன்றல்ல. தூள் என்று நாம் சொல்லும் ஹெரோயின் அபின் குடும்பத்தைச் சேர்ந்தது. வலிக்குக் கொடுக்கும் டிரமடோல் மாத்திரையும் அதே குடும்பம்தான். ஐஸ் வேறு, கசிப்பு வேறு, கஞ்சா வேறு. இன்று நான் சொல்லப்போகும் மருந்துகள் அபின் குடும்பத்துக்கு உரியவை. ஐஸ் பாவிக்கிறவருக்கு இதே மருந்தைக் கேட்டுப் பயனில்லை. அதனால் பிள்ளை என்ன பாவிக்கிறான் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தூள் தொடர்ந்து பாவித்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும். பிறகு சந்தோஷத்துக்காக யாரும் எடுப்பதில்லை, வேதனை வராமல் இருப்பதற்காகவே எடுக்கிறார்கள். கடைசியாக எடுத்து எட்டுப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர், மயிர்க்கூச்செறிதல், வயிற்றோட்டம், எலும்புக்குள் குடைகிற வலி எல்லாம் வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரமளவில் தணியும்.

இதைப் பார்த்துத்தான் வீட்டில் ஒரு முடிவு எடுக்கிறார்கள். ஒரு வாரம் காம்பராவில் பூட்டி வைப்போம், கோவிலில் கயிறு கட்டுவோம், பெரியம்மா வீட்டுக்கு அனுப்புவோம் என்கிறார்கள். பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பில் செய்வது இது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வாரத்தில் தணிவது உடம்பு வேதனை மட்டும்தான். தூளைத் தேடும் மூளையின் பழக்கம் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இருக்கும்.

இதில் உயிருக்கு ஆபத்தான விஷயம் ஒன்று இருக்கிறது. கொஞ்ச நாள் விட்டிருந்தால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். திரும்ப விழும் ஒருவர் பழைய அளவையே எடுத்தால், முன்பு தாங்கிய அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடும். சிறையிலிருந்தும் புனர்வாழ்வு நிலையத்திலிருந்தும் வீட்டுக்கு வந்த முதல் வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. அப்படி ஒருவர் எழுப்பியும் எழும்பாமல், உதடு நீலம் பாரித்து, மூச்சு மெதுவாகிக் கிடந்தால் தூங்கட்டும் என்று விடாதீர்கள். பக்கவாட்டில் படுக்கவைத்து, 1990 அம்பியுலன்சுக்கு உடனே அழையுங்கள். என்ன எடுத்தார் என்பதையும் சொல்லுங்கள். அந்த மூச்சுத் தடையை எடுக்க நலொக்சோன் என்ற ஊசி மருந்து இருக்கிறது.

இனி வைத்தியம். உலகத்தில் இதற்கு முக்கியமாக மூன்று மருந்து பாவிக்கிறார்கள்.

ஒன்று மெத்தடோன். வாயால் குடிப்பது, நாளைக்கு ஒரு தடவை. தூள் போல ஏறி இறங்காமல் ஒரே சீராக நின்று, வேதனையையும் தவிப்பையும் அடக்கும். சரியான அளவில் குடிக்கிறவர் தலைசுற்றாமல் வேலை செய்யலாம்.

இரண்டாவது பியுப்ரனோர்பின். விழுங்காமல் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைப்பது. உடம்பு கேட்பதில் ஒரு பங்கை மட்டும் கொடுத்து, அதற்கு மேல் ஏறாது. ஆனால் தூளின் வேகம் உடம்பில் இருக்கும்போதே முதல் மாத்திரையைப் போட்டால் வேதனை ஒரேயடியாக வந்துவிடும். எப்போது தொடங்குவது என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது நால்ட்ரெக்சோன். இது தூளின் கதவை அடைத்துவிடும் மருந்து. ஒரு வாரம் பத்து நாளாவது முற்றாக விட்ட பிறகே தொடங்கலாம்.

மெத்தடோனும் பியுப்ரனோர்பினும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை காலம் என்பது வைத்தியரின் முடிவு. கடையில் வாங்கியோ, மற்றவரிடம் பங்கு கேட்டோ போடக் கூடாது. இந்த மருந்தோடு சாராயமும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு நின்றுவிடலாம். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். கர்ப்பிணிப் பெண் திடீரென்று விடக் கூடாது. அவரை முதலில் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

"ஒரு போதையை எடுத்துவிட்டு இன்னொரு போதையைக் கொடுக்கிறாங்களே" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பிரஷருக்கும் சீனி வியாதிக்கும் நம் அப்பா அம்மாமார் தினமும் மாத்திரை போடுகிறார்கள். அதை யாரும் பழக்கம் என்று ஏசுவதில்லை. தூள் எடுப்பவர் நாலு மணித்தியாலத்துக்கு ஒருதடவை காசு தேடி ஓடுகிறார், மனைவியின் தோட்டை அடகு வைக்கிறார். மருந்தில் இருப்பவர் காலையில் பிரட்டுக்குப் போகிறார், பின்னேரம் பிள்ளையின் கொப்பியைப் பார்க்கிறார். வித்தியாசம் அதுதான்.

மருந்து பாதி வேலையைத்தான் செய்யும். மற்றப் பாதி பேச்சு. உளவளத்துணை என்பது புத்திமதி சொல்வதல்ல. எந்த நேரத்தில் கை தூளைத் தேடுகிறது என்று அவரே கண்டுபிடிக்க உதவுவது. சம்பள நாளா, அட்வான்ஸ் நாளா, பழைய கூட்டாளியின் கோல் வரும்போதா, கவ்வாத்து முடிந்து உடம்பு நொந்த இரவிலா? கண்டுபிடித்த பிறகு அந்த நேரத்துக்கு ஒரு வழி செய்துகொள்வார்கள். சம்பளக் காசை மனைவி வாங்கட்டும், அந்த இரவு தம்பி கூட இருக்கட்டும் என்று பேசி முடிவு செய்வார்கள். ஒரு தடவை சறுக்கி விழுந்தால் கிளினிக் அவரை விரட்டாது. மறுபடி வரச் சொல்லும்.

இதில் நமக்கு முக்கியமானது, பலருக்கு இந்த வைத்தியத்தை வீட்டில் இருந்தபடியே, வேலை செய்தபடியே எடுக்க முடியும் என்பதுதான். 1965இல் நியூயோர்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்ற வைத்தியர் இருவர் மெத்தடோன் வைத்தியத்தின் முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஹொங்கொங் 1972இல் வெளிநோயாளர் கிளினிக்குகளைத் திறந்தது. தொழிலாளி வேலைக்குப் போகும் வழியில் மருந்தைக் குடித்துவிட்டுப் போகலாம். இந்தியாவின் பஞ்சாப் மாநிலமும் 2017 முதல் பியுப்ரனோர்பின் கொடுக்கும் வெளிநோயாளர் கிளினிக்குகளை நடத்துகிறது.

நம் நாட்டில் எங்கே தொடங்குவது? 1927 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அது தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம். அல்லது பக்கத்து அரசாங்க வைத்தியசாலையில் மனநல கிளினிக் நாளைக் கேளுங்கள். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தில் தானாக விரும்பி வைத்தியத்துக்கு வருவதற்கும் இடம் உண்டு, நீதிமன்றம் கட்டாயமாக அனுப்புவதற்கும் இடம் உண்டு. பொலிஸ் கதவைத் தட்டும் வரை காத்திருக்காமல் முதல் வழியில் போவதே நல்லது.

இப்போது சங்கத்தின் வேலைக்கு வருகிறேன். கிளினிக் கூட்டிக்கொண்டு போன பிள்ளைகள் நடுவில் நின்றுவிடுவதற்கு நான் கண்ட காரணம் இரண்டு. ஒன்று, கிளினிக் நாளில் பேர் போய்விடுகிறது. மலையிலிருந்து டவுனுக்குப் போய், வரிசையில் நின்று, பஸ் பிடித்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வருவதற்கே 2024 செப்டெம்பர் வரை நாம் போராட வேண்டியிருந்தது. நாட்சம்பளத்தை வாராவாரம் இழந்து எந்தக் குடும்பம் தாங்கும்? இரண்டு, ஊரில் பேர் கெட்டுவிடுகிறது. பஸ்ஸில் ஒருவர் கண்டால் போதும், மறுநாள் லயமெல்லாம் "தூள்காரன்" என்கிறார்கள்.

இந்த இரண்டு பேரையும் காப்பாற்றுவது தொழிற்சங்க வேலை. தோட்டக் கமிட்டிகள் துரைமாரோடு பேச வேண்டியவை இவை. கிளினிக் அட்டை காட்டினால் அன்றைக்குப் பேர் வெட்டக் கூடாது. எந்த நோய்க்கான கிளினிக் என்று செக்ரோலிலோ பிரட்டுக் களத்திலோ கேட்கக் கூடாது. வைத்தியத்தில் இருப்பதைக் காரணம் காட்டி வேலையை நிறுத்தக் கூடாது. சுகாதார அமைச்சிடம் கேட்க வேண்டியவை இரண்டு. இந்த மருந்துகள் மலையகத்து வைத்தியசாலைகளில் கிடைக்க வேண்டும். உளவளத்துணை தமிழில் இருக்க வேண்டும். மனதுக்குள் கிடப்பதை மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சொல்ல முடியாது.

தலைவர்மாருக்குக் கடைசியாக ஒரு சொல். விற்கிறவனையும் மாட்டிக்கொண்டவனையும் ஒரே தராசில் போடாதீர்கள். விற்கிறவனுக்குச் சட்டம் இருக்கிறது. மாட்டிக்கொண்டவன் நம் சந்தாக்காரன், அல்லது நம் சந்தாக்காரரின் மகன். அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் கிளினிக் லீவு விஷயத்தை நிகழ்ச்சி நிரலில் போடுங்கள். எந்தப் பிள்ளையின் பேரையும் அங்கே சொல்ல வேண்டியதில்லை. உரிமையை மட்டும் பேசுங்கள். ஒரு தாய் வந்து கேட்டால், 1927ஐ எழுதிக் கொடுத்து, முதல் கிளினிக்குக்கு நீங்களே கூடப் போய்வாருங்கள்.