எழுதி வைக்காத பாட்டு

பாட்டு என்பது தனியொருவர் தனித்திருந்து எழுதி முடிப்பது என்பதே கவிஞர் பலரின் எண்ணம். பலர் கூடி, முன்கூட்டி எழுதாமல், கேட்போர் முன்னிலையிலேயே ஒன்றைப் படைத்தல் இயலுமா? இவ்வினாவுக்குரிய விடை காவிரிப் படுகையின் கோயில் வீதிகளில் தலைமுறை தலைமுறையாக ஒலித்து வருகிறது. அதுவே பெரிய மேளம்.

தஞ்சைக்கு 'நால்வர்' என்னும் சொல் புதிதன்று. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வர், அரசவையில் சதிராட்டத்திற்கு அலாரிப்பு முதல் தில்லானா வரை முறை வகுத்தனர். அவர்களுள் வடிவேலு மேனாட்டுப் பிடிலைத் தென்னக இசைக்கு உரியதாக்க உழைத்தவர். சுவாதித் திருநாள் மன்னர் 1834-இல் அவருக்குத் தந்தப் பிடில் ஒன்றைப் பரிசளித்தார். அயற்கருவியை அஞ்சாது ஏற்றுத் தன்னதாக்கிக்கொண்ட மண் இது.

மேளத்திலும் ஒரு நால்வர் உண்டு. நாகசுரம் இரண்டு, தவில் இரண்டு. துணையாக ஒத்தும் தாளமும். சாமி புறப்பட்டால் சொல்லில்லாத மல்லாரி, வீதியில் விரிந்த இராகம், தெப்பத்தில் ஓடப்பாட்டு, ஊஞ்சலில் லாலி. கீர்த்தனையும் சிந்தும் ஒரே குழலில் பிறக்கும். இசை வகைகளுக்கிடையே வேலி கட்ட அங்கு இடமில்லை. இறைவன் செல்லும் வழியே இசையின் வழி.

இராக ஆலாபனையை எவரும் எழுதி வைப்பதில்லை. ஒருவர் ஒரு பிடியை விரித்து நிறுத்துகிறார். மற்றவர் அந்த முடிவுச் சுரத்தைப் பற்றிக் கார்வை கொடுக்கிறார்; அல்லது தம் பங்கிற்கு அதனை வளர்க்கிறார். தாளக்கட்டில்லாத அவ்விடத்திலும் தவில் இடையிடையே சில சொற்களை உதிர்த்து அடுத்த பிடிக்கு வாயில் திறக்கிறது. எங்கே பேசுவது என்பதைக் காட்டிலும் எங்கே அடங்குவது என்பதே தவில்காரரின் தேர்ச்சி. திருவீழிமிழலைச் சகோதரர்களின் பெரும்புகழுக்குக் காரணம் விரலின் விரைவு மட்டுமன்று. ஒருவர் மனத்தை மற்றவர் அறிந்த செவியும் ஆகும்.

கூட்டத்தில் தனித்தன்மை கரைந்துவிடாதா என்று கேட்கலாம். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி இதற்கு விடை கூறும். சுற்றிலும் தவில் முழங்க எழுந்த அந்தத் தோடியை வேறெவருடையதென்றும் எவரும் மயங்கியதில்லை. நரசிங்கன்பேட்டை ரங்கநாத ஆசாரியார் உருவாக்கிய நீண்ட நாகசுரத்தை ஏற்று, சுத்த மத்திமம் துலங்க வாசித்தவர் அவர். நின்றே வாசித்து வந்த கலைஞர் மேடையில் அமர்தல் வேண்டும் என்று உரிமை கேட்டவரும் அவரே. அவ்வூர் நாகசுரத்திற்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளில் முதிர்ந்த ஆச்சா மரம் அதன் உடல். ஆற்றங்கரை நாணலிற் செய்த சீவாளி அதன் நா.

கடல் கடந்தும் இக்குரல் கேட்டது. அமெரிக்க சாக்சபோன் கலைஞர் சார்லி மரியானோ (1923–2009) இந்தியாவுக்கு வந்து நாகசுரம் பயின்றார். 1970-களில் ஹாலந்து நாட்டுப் பியானோ கலைஞர் யாஸ்பர் வான்ட் ஹோஃபின் 'போர்க் பை' என்னும் ஜாஸ் குழுவில் அதனை வாசித்தார். கூடிக் கற்பனை செய்யும் ஜாஸ் மரபு, அதே நெறியில் வளர்ந்த கருவியைத் தன்னுள் அமர்த்திக்கொண்டதில் வியப்பில்லை.

இன்றோ, கோயில்கள் பலவற்றில் பூசை வேளையில் மின்விசையால் முழங்கும் முரசு இயந்திரம் நிற்கிறது. அது நேரம் தவறுவதில்லை; கூலியும் கேட்பதில்லை. ஆனால் அதற்குச் செவி இல்லை. பக்கத்தில் வாசிப்பவர் என்ன சொன்னார் என்று கேட்காமல் ஒலிப்பது ஓசையே, இசையாகாது.

இது கவிஞர்க்கும் பொருந்தும். கவியரங்கில் தம் முறை வரும்வரை காகிதத்தையே பார்த்திருந்து, படித்து முடித்ததும் எழுந்து செல்பவர் அந்த இயந்திரத்திற்கு உறவினர். முன்னவர் விட்ட சொல்லைப் பற்றிக் கார்வை கொடுப்பவரே மேளத்தின் வழித்தோன்றல். பத்தாண்டு நிறைவு காணும் வட்டத்திற்கு நூற்பட்டியலினும் பெரிய செல்வம் அத்தகைய செவியே. கோயில் வாயிலில் மேளம் கேட்டால் சற்று நின்று கேளுங்கள். இல்லத்து விழாவிற்கு அக்கலைஞர்களை அழையுங்கள். உரிய மதிப்போடு அமர்த்துங்கள். எழுதி வைக்காத பாட்டு கேட்பார் இல்லையேல் சுவடின்றி மறையும்.