குழிக்குள் இருந்த மனிதர்கள்

இத்தாலியில் பாம்பெய் என்று ஒரு ஊர். கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை பொங்கி, ஊரையே சாம்பலில் மூடிவிட்டது. பல நூற்றாண்டு கழித்துத் தோண்ட வந்தவர்களுக்குச் சிலை வேண்டும், ஓவியம் வேண்டும். கிட்டத்தட்டப் புதையல் வேட்டைதான்!

அங்கே வந்து சேர்ந்தார் ஜுசெப்பே ஃபியோரெல்லி. 1823-ல் நேப்பிள்ஸில் பிறந்தவர். பழங்காசு ஆராய்ச்சியில் கெட்டிக்காரர். அரசியல் காரணமாக ஜெயிலுக்கும் போய் வந்தவர். பக்கவாட்டில் குடையாதே, மேலிருந்து அடுக்கடுக்காகத் தோண்டு என்றார். ஊரை வட்டாரம், மனை, வாசல் என்று பிரித்து வீட்டுக்கு வீடு எண் போட்டார். இன்றைக்கும் அந்த எண்தான் அங்கே விலாசம்.

ஆனால் அவர் பெயர் நிலைத்தது வேறொன்றால். இறுகிய சாம்பலில் ஆங்காங்கே வெற்றிடம், உள்ளே எலும்பு. உடல் மக்கிப்போக, அதன் அச்சு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. மெழுகை உருக்கி வடித்துவிட்டு விக்கிரகம் வார்ப்பார்கள் இல்லையா, அதே சங்கதிதான். 1863-ல் குழிக்குள் பாரிஸ் சாந்தைக் கரைத்து ஊற்றினார். காய்ந்ததும் சாம்பலைத் தட்டி எடுத்தால்... படுத்தபடி மனிதர்கள்! துணியின் மடிப்புகூடத் தெரிந்தது.

1874-ல் இதே முறையில் ஒரு நாயின் உருவம் கிடைத்தது. கட்டிப்போட்டிருந்த நாய். கழுத்தில் பட்டை. உடம்பை முறுக்கி, காலை மேலே தூக்கி, வாயைத் திறந்தபடியே இருந்தது.