எண்ணப்பட்ட சாவும் எண்ணப்படாத சாவும்

(ஆவடிக் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவு)

  

ஆவடிக்குப் போர் தொலைவில் உள்ளதன்று. 1965 முதல் இங்குத் தாங்கிகள் உருவாகின்றன. இந்தியப் படையின் வலிமையில் தமிழ்த் தொழிலாளியின் வியர்வையும் கலந்திருக்கிறது. அப்படை 1987இல் தாங்கிகளோடு யாழ்ப்பாணத்துள் புகுந்தது. ஆதலின் அப்போரின் கணக்கைக் கேட்கும் உரிமை இவ்வூர்க்கு உண்டு.

1987 சூலை 29இல் கொழும்பில் இராசீவ் காந்தியும் செயவர்த்தனேயும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். மறுநாளே படை இறங்கியது. ஈழத்தமிழரைப் பற்றிய அவ்வொப்பந்தத்தில் ஈழத்தமிழர் எவரும் கையொப்பமிடவில்லை. இடையில் இருந்தது ஓரிரவு. அவ்வோரிரவில் எந்த மன்றம் கூடி ஆராயும்? மகன் எதற்காகச் செல்கிறான் என எந்தத் தாய் அறிவாள்?

அதற்கு இட்ட பெயர் அமைதிப்படை. அமைதி என்பது 'அமை' என்னும் வேரிற் பிறந்த சொல். பொருந்துதலும் நிறைதலும் அதன் பொருள். அச்சொல் மூன்று திங்களும் நிலைக்கவில்லை. அக்தோபரில் போர் மூண்டது. யாழ்ப் பல்கலைக்கழகத் திடலில் இறக்கப்பட்ட சீக்கியப் படைஞர் 30 பேருள் 29 பேர் மாண்டனர். பத்து நாள் கழிந்து, அக்தோபர் 21இல், யாழ் மருத்துவமனையுள் புகுந்த படை, நோயாளரும் மருத்துவரும் செவிலியருமாக அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. பஞ்சாபு உழவன் மகனுக்கும் யாழ்ப்பாணச் செவிலிக்கும் என்ன பகை? பகையில்லாதோரைப் பகைவராக்கியவர் யார்?

1990 மார்ச்சு 24இல் கடைசிப் பிரிவு திருகோணமலையை நீங்கியது. அதற்குள் மாண்ட இந்தியப் படைஞர் ஏறத்தாழ 1,200 பேர். மீண்டவர்களை வரவேற்க முதலமைச்சர் கலைஞர் செல்லவில்லை. உடனே சொற்போர் எழுந்தது. தமிழரைக் கொன்ற படைக்கு மாலையா என்றனர் ஒரு சாரார். ஆணைக்கு அடங்கிப் போரிட்டோர்க்கு இழிவா என்றனர் மறு சாரார். முதலமைச்சர் செல்லாமை மாண்டோரை இழித்ததன்று, அனுப்பியோரைச் சுட்டியது. ஆயினும் 1987இல் நிகழ வேண்டிய சொற்போர் 1990இல் நிகழ்ந்ததே பெரும்பிழை.

அவ்வினை இவ்வட்டாரத்துக்கே திரும்பி வந்தது. 1991 மே 21இல் திருப்பெரும்புதூரில் இராசீவ் காந்தியும் உடனிருந்தோர் பலரும் கொல்லப்பட்டனர். 1998 சனவரி 28இல் பூந்தமல்லித் தனி அறமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. அவருள் 19 பேரைக் கொலைக்குற்றத்தினின்று மறு ஆண்டே உச்ச அறமன்றம் விடுவித்தது.

நடுகல்லுக்குத் தொல்காப்பியர் ஆறு நிலைகள் வகுத்தார். மாண்டவனைப் பெயரோடு நினைத்தல் தமிழர் மரபு. கொழும்பை அடுத்த கோட்டேயில் இந்தியப் படைஞரின் பெயர்கள் கல்லில் உள்ளன. அவை இருக்கட்டும், அவர்களும் தாய் பெற்ற மக்களே. அதே போரில் மாண்ட தமிழ்க் குடிமக்களின் முழுப் பெயர்ப்பட்டியலை எவ்வரசும் வெளியிடவில்லை. அப்பட்டியலைக் கேளுங்கள்! இனியொரு படை புறப்படுமாயின், அது கரையேறும் முன்னே காரணம் கேளுங்கள்!

வாழ்க தமிழ்!